எழுத்துக்கு நாலு பவுண்ட்

கீத்லியில் மழை. கல்லுக்குள்ளும் மழை.
ஹில்டா பிக்கர்டைக் பையைத் துழாவி
ஒரு கேஸ் பில்லை எடுத்து நீட்டினாள்.
பின்பக்கத்தில், பெரிய எழுத்தில், ஒரே வரி:
'நத்திங் கேம் பிட்வீன் ஹீ அண்ட் ஐ.'
நாற்பத்தோரு வருஷம்
எதுவும் நடுவில் வரவில்லை.
வில்ஃப் போனது மார்ச்சில்.

நான் கல் வெட்டுகிறவன், இலக்கணக்காரன் இல்லை.
தாளில் பிழை என்றால் ரப்பர் உண்டு,
கரும்பலகையில் என்றால் துணி.
மணற்கல்லில் ஒரு 'ஐ' விழுந்துவிட்டால்
நான் செத்து, என் பெயரை வேறொருவன் வெட்டும் நாளிலும்
அது அங்கேதான் நிற்கும்,
நிமிர்ந்து, நட்டுவைத்த குச்சி மாதிரி.

அதனால் இருமினேன்.
'ஹிம் அண்ட் மீ என்று வரணும், மிஸஸ் பிக்கர்டைக்.'
அவள் விரல்விட்டு எண்ணினாள்.
ஆறு எழுத்து எட்டாகிறது.
எழுத்துக்கு நாலு பவுண்ட்.
வியாபாரம் பேசுகிறேன் என்று நினைக்கிறாளோ
என்று எனக்குக் காது சுட்டது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு:
மிஸ் ஆர்மராய்டின் வகுப்பு, ஈரக் கோட்டுகளின் வாடை,
'மீ அண்ட் டோரீன் ஜாம் வாங்கப் போனோம்' என்றதற்கு
விரல் முட்டியில் இறங்கிய அடிக்கோலின் விளிம்பு.
அன்றைக்கு வாயிலிருந்து கழுவிவிட்டவள்தான் அந்த 'மீ'யை.
பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றாலே
'ஐ' என்றுவிடுவாள்,
வாசலில் மணி அடித்ததும் ஏப்ரனை அவிழ்ப்பதுபோல.
'மீ என்றால் அழுக்குக் கை, கண்ணு.
வில்ஃபின் கல்லில் கை கழுவாமல் நிற்க மாட்டேன்.'

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சோதனை.
கூட நிற்கிறவரை வாக்கியத்திலிருந்து எடுத்துவிடு,
மிச்சத்தைக் காதால் கேள்.
'டோரீனுக்கும் ஐ-க்கும் ஜாம் கொடுத்தாள்':
டோரீனை எடு.
'ஐ-க்கு ஜாம் கொடுத்தாள்' என்று
எந்தக் குடிகாரனும் சொல்ல மாட்டான்.
இதை விளக்கிவிட்டு, யோசிக்காமல், சொன்னேன்:
'வில்ஃபை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்களேன்.'

பின்கட்டில் கம்ப்ரஸர் நின்றது.
'எட்டு மாசமாக' என்றாள்,
'அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.'

பிட்வீனுக்கு ஒருவர் போதாது.
இலக்கணத்திலும் போதாது.
நான் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
சுத்தமாக இருந்த உளியை.

கடைசியில் அவளே என் பென்சிலை வாங்கி
மூன்று சொல்லை அடித்தாள்.
மேலே எழுதினாள்: 'அஸ்.'
இரண்டே எழுத்து. எட்டுப் பவுண்ட்.
ஐ-க்கும் மீ-க்கும் இருந்த வழக்கு
தீர்ப்பில்லாமலே தள்ளுபடி.

வெட்டும்போதுதான் அந்தச் சொல் கையைப் பிடித்தது.
யாரிடம் சொல்கிறாள் இந்த 'அஸ்'ஸை?
கீழே படுத்திருப்பவனிடம் என்றால், நம் நடுவே.
பாதை தவறி வந்து படிக்கிறவனிடம் என்றால்,
எங்கள் நடுவே.
கல்லில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே ஆழம்.
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எங்கள் ஊரில் வேறொன்றும் உண்டு.
ஒற்றை ஆளும் தன்னை 'அஸ்' என்பான்,
பப்பில், பஸ்ஸில், பல் மருத்துவரிடம்கூட.
அன்று கிளம்பும்போது அவளும் கை நீட்டி,
'பாஸ் அஸ் மீ ஸ்டிக், லவ்' என்றாள்.
அஸ் என்றது அவள் ஒருத்தியை.
மீ என்றது 'என்னுடைய' என்பதற்கு.
கழுவிய வாயில் எங்கிருந்து வந்ததோ.

மிஸ் ஆர்மராய்ட் எழுந்து வந்திருப்பாள்.
நான் கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன்.
அடியில் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது,
அவன் நடக்கும் பக்கம்.